தேவாரத்து நாற்றங்கால்

இன்று பால்கனித் தொட்டியில் வைக்க வாங்கிவந்த செடியின் பையைக் கிழித்தபோது எழுந்த, சாணமும் செம்மண்ணும் கலந்த ஈர வாசம், தேவாரம் என்ற எங்கள் ஊரின் மலையடிவாரத்தில் எல்லாரும் சேர்ந்து போட்டிருந்த நாற்றங்காலுக்கு என்னை இழுத்துப் போனது. விறகுக்கு வெட்டி மொட்டையாகிப்போன மலையில் மறுபடி காடு வளர்க்க, அங்கே பெண்கள் வேங்கையும் நெல்லியும் முளைக்க வைப்பார்கள். பள்ளி விட்டதும் நாங்கள் பூவாளியால் நீர் தெளிப்போம், கருப்புப் பைகளின் மேல் அது மழைபோல் சடசடக்கும்.

முதல் கன்றுகளை மலையில் நட்ட அடுத்த கோடையிலேயே தீப்பிடித்து எல்லாம் கருகின. புதுப் புல் முளைப்பதற்காக ஆட்டுக்காரர்தான் கொளுத்தியிருப்பார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. ஆட்டுக்காரர் என் அப்பா. நாற்றங்காலுக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும்.

ஒருநாள், அங்கே மண் கலக்கும் பேச்சியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, மறுபடி பை நிரப்புறோம். மண்ணு சலிக்க வாங்க."

"எல்லாரும் என்னையத்தான சொல்றாக, தாயி. நீ நம்புறியா?"

"நம்புனா ஒங்க வாசல்ல வந்து நிப்பேனா?"

அப்பா போனார். ஒரு பக்கத்தைப் பிடித்துச் சல்லடையைத் தனியாக ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்துவந்து சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

நாற்றங்கால் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். மலையில் வேங்கை பூக்கிறது. தீ வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு யாரும் கேட்கவும் இல்லை.