இச்சிக்குள் இருந்த நாவல்

தோட்டக் குத்தகை விதி தெளிவாகத்தான் சொல்கிறது: பச்சை மரத்தைத் தொடக்கூடாது, பட்டுப்போன மரம் குடியிருப்புக்கு ஆபத்தாக நின்றால், மனு கிடைத்த உடனே பார்வையிட்டு வெட்ட உத்தரவிட வேண்டும். ‘உடனே’ என்பதற்கு விதியில் விளக்கம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அலுவலக மேலாளராக இருந்தேன். பொழுதுபோக்கு போன்சாய். சிமெண்டுத் தட்டில் ஒரு குட்டை நாவலை வளர்த்து, அதன் கவட்டில் பாசி வைத்து, ஆல் இனத்து இச்சி நாற்று ஒன்றைத் தென்னை நாரால் கட்டியிருந்தேன். காட்டில் பறவை எச்சம் மரக்கவட்டில் விதை போட்டுச் செய்கிற வேலைதான். சில வருடங்களில் இச்சியின் வேர்கள் நாவல் தண்டைச் சுற்றி இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிவிட்டன. வந்தவர்களெல்லாம் அழகு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வைகாசிக் காலையில் வேர் இடுக்கில் அழுக்கெடுக்கக் குச்சியை விட்டேன். தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. உள்ளே நாவல் இல்லை, ஈரத்தூள் கொட்டியது. மேலே இச்சி மட்டும் தளதளவென்றிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே சாய்ந்து நின்றது, இச்சி பிடித்த பெரிய நாவல் மரம். அதன் வேர்களுக்கிடையில் கையை நுழைத்தேன். முழங்கை வரை போயிற்று.

“மொதல்ல தொட்டிலக் கழட்டுங்க,” என்றாள் மனைவி.

அன்றிலிருந்து கைக்குழந்தை, மரம் சாயாத பக்கமிருந்த அடுப்படியில் தூங்கியது. மாறிப்போகத் தோட்டத்தில் வேறு வீடு காலியில்லை. காற்று எழும்பினால் மரம் நெறுநெறுக்கும். பேச்சை நிறுத்திக் கேட்போம்.

அந்த வாரமே வனத்துறைக்கு நகல்களோடு மனு கொடுத்தேன். ஆனிக் கடைசியில் மர ஆய்வாளர் ஜீப்பில் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“பச்சையா நிக்குதேய்யா?”

“பச்சை இச்சியோடதுங்க. உள்ள இருக்கற நாவல் பட்டுப்போச்சு.”

தட்டைக் கொண்டுவந்து குச்சியை விட்டுக் காட்டினேன். தூள் அவர் பூட்சின் மேல் விழுந்தது. அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் வளத்திருக்கீரு. இந்த இச்சி நாத்தக் காட்டுலருந்து எடுக்க அனுமதி வாங்குனீரா?”

விதி தெரிந்த நான் வாங்கியிருக்கவில்லை. வாசலில் நின்ற மனைவிதான் பேசினாள்.

“அண்ணே, தட்டுல இருக்கறத இப்பவே புடுங்கிப் போட்டுர்றோம். தலைக்கு மேல நிக்கறத என்னைக்கு வெட்டுவீக?”

“மேல எழுதுறேன் தாயி,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆடிக்காற்று தொடங்கியது. ஓட்டில் சுள்ளி விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். குடையோடு நான் பின்னால் ஓடினேன். ஒரு மத்தியானம் மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. அளந்து பார்க்கப் பயமாக இருந்தது.

ஒருவழியாகப் பதில் வந்தது. பட்டுப்போன நாவலை வெட்ட அனுமதி அளிக்கப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள பச்சை இச்சிக்கு எவ்விதச் சேதமும் நேரக்கூடாது.

படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தைத் துணிகளை மூட்டை கட்டி, போடிக்கு இறங்கும் லோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

“வர்றீகளா, இல்ல அதுக்கு அடியிலயே உக்காந்து அடுத்த மனு எழுதப் போறீகளா?”

ஏறிக்கொண்டேன். அன்று ஆடி பதினெட்டு; வைகாசியில் கொடுத்த மனுவின் ‘உடனே’ அதுவரை நீண்டிருந்தது.