சலவைப் பட்டறை வெள்ளை

இன்று காலை தண்ணீர்த் தொட்டி கழுவப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தபோது மூக்கில் ஏறிய நெடி, இப்போது துணிக் கிடங்காகிவிட்ட ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எங்கள் பழைய லைன் வீட்டுக்கே என்னை இழுத்துப் போனது. சலவைப் பட்டறையில் பனியன் துணி வெளுத்த அப்பாவின் சட்டையிலும், அவர் என்னைத் தூக்கும் கைகளிலும், நாங்கள் படுக்கும் பாயிலும்கூட அந்த நெடிதான். எங்களுக்கு வெள்ளைதான் சுத்தம், வெள்ளைதான் சோறு.

பக்கத்து வீட்டில் ஜெசி அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர். "அப்பாவுக்குக் கடல்ல மீன்பாடே இல்லக்கா, அதான் இங்க வந்துட்டேன்" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். ஒருமுறை ஊரிலிருந்து எனக்கென்று அவர் கொண்டுவந்த பவளப்பாறைத் துண்டு பழுப்பாக, கவிச்சி வாடையோடு இருந்தது.

"அழுக்காட்ட இருக்குதுங்க" என்று அம்மா சொல்ல, அப்பா அதைப் பகல் முழுக்கப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டார். சாயங்காலம் அது புதுப் பனியன் போலப் பளிச்சென்று வெளியே வந்ததும் லைனே திரண்டு வந்து பார்த்தது. ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பியபோது அக்கா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அப்பா அவற்றையும் வெளுத்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"பவளத்துக்கு உசுரு இருக்குதாம் அம்மா. கடல் சூடானா வெளுத்துப்போயி, கடைசில செத்துருமாம். மீன்குஞ்செல்லாம் அதுக்குள்ளதான் ஒளிஞ்சு வளருமாம்" என்று பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் போன வாரம் சொன்னாள். இன்று பள்ளியில் அவளை ராமேஸ்வரம் கூட்டிப்போகிறார்கள்.

"அங்க யாராச்சும் பவளம் வித்தா வாங்கிராத கண்ணு" என்றேன்.

"அதை யாராவது வாங்குவாங்களாம்மா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஜெசி அக்காவின் அப்பாவுக்குக் கிடைக்காத மீன்கள் குஞ்சுகளாக ஒளிந்திருக்க வேண்டிய வீடுகளை, நாங்கள் லைனில் ஆறு வீட்டு டிவிப் பெட்டிகளின் மேல் வெளுத்து வைத்திருந்தோம்.