அறுபத்தைந்தாம் வயது மேடு

வெண்டெல் கிராயெவ்ஸ்கிக்கு மனிதர்களை மொத்தமாகத்தான் தெரியும். முதியோர் ஓய்வூதியமும் மருத்துவ நிதியும் இன்னும் எழுபத்தைந்து வருடம் தாங்குமா என்று கணிப்பது அவர் உத்தியோகம். பால்டிமோருக்கு வெளியே ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடமாக அதையே செய்கிறார். ஜனங்கள் அதிக நாள் உயிரோடு இருந்தால் அங்கே அதற்குப் பெயர் 'மோசமான கணிப்பு'. அதை விருந்து வீடுகளிலும் சொல்லிவைத்து வாங்கிக் கட்டிக்கொள்வார், பாவம்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் முதலில் காட்டுவது, வயதுவாரியாகப் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு வரைபடம். அறுபத்துநாலு வயது வரை நோயாளிகளின் கோடு சாதுவாகப் போகும். அறுபத்தைந்தில் திடீரென்று மேடு தட்டும்.

"அறுபத்தஞ்சுல யாருக்கும் புதுசா வியாதி வர்றதில்லப்பா. அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் வருது. அதுவரைக்கும் செலவுக்குப் பயந்து பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும்தான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அக்கா டார்லாவின் சலூனில் முடிவெட்டு. அந்த அக்டோபரில் அக்காவின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"கையில என்னக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஆடாதே, காது போயிடும்."

"அக்கா!"

"அக்குள்ல ஒரு கட்டி. பட்டாணி அளவுதான்டா. மார்ச்ல எனக்கு அறுபத்தஞ்சு. அட்டை வந்ததும் காட்டிக்கிறேன். அஞ்சு மாசம்தானே?"

வெண்டெல் பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார். இத்தனை வருடமாக எதைக் காட்டிச் சிரித்தோம் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கோட்டை எடுத்து மாட்டு. இப்பவே டாக்டர்கிட்ட போறோம்."

"பைத்தியமா உனக்கு? யாரு கட்டுறது? உன் காசு எனக்கு வேணாம்."

"எனக்கு நீ வேணும்க்கா."

இப்படியெல்லாம் பேசுகிற ஆளில்லை தம்பி. டார்லா கத்தரியை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

புற்றுதான். சின்னதாக இருக்கும்போதே பிடித்தாயிற்று, மார்ச் வரை விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சைக்குச் சேர்க்கும் காலையில், கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"காப்பீடு யார்கிட்டம்மா வச்சிருக்கீங்க?"

டார்லா, தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இவன்கிட்ட."