பனிமூட்டத்தில் கேட்ட விசில்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் பிழைப்பு. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. சர்வதேச ஹாக்கி நடுவர். ஆட்டக்காரர்களுக்கு அவள் ‘விசில் அக்கா’. போகிற நாடுகளில் பேச்சும் புரியாது, சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஒரு விசில் போதும், இரண்டு அணியும் நின்ற இடத்தில் நிற்கும். “வீட்டுல தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் திரும்பறதில்ல” என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை, நம்மூர் மைதானத்தில் நம் பெண்கள் அணிக்கும் வெளிநாட்டு அணிக்கும் ஒரு பயிற்சி ஆட்டம். தங்கை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள்.

“ஏன்க்கா, எங்கிருந்து அடிச்சாலும் கோலா?”

“இல்ல. கோலுக்கு முன்னால அரைவட்டம் தெரியுதா? அதுக்குள்ள இருந்து அடிச்சாதான் கணக்கு. மட்டையோட தட்டைப் பக்கம் மட்டும்தான் பந்துல படலாம். நடுவர் ரெண்டு பேர், ஆளுக்குப் பாதி மைதானம்.”

“பந்து மேல பட்டா?”

“கல்லு மாதிரி இருக்கும். எலும்பு தாங்காது.”

எதிர்ப்பாதியைப் பார்த்துக்கொண்டவன் ‘நெட்டை’ என்கிற இளம் நடுவர். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் பனி மளமளவென்று இறங்கியது. கோல் கம்பங்கள் கரைந்தன, பிறகு ஆட்களும். ஆட்டத்தை நிறுத்தலாம் என்று அவள் விசிலை உதட்டருகே கொண்டுபோனாள். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது. எல்லோரும் நின்றார்கள்.

அவள் பனிக்குள் ஓடினாள். கோலுக்கு முன்னால் நம் அணிக் கோல்கீப்பர் தலையில் அடிபட்டுக் குப்புறக் கிடந்தாள். வார் அறுந்து தலைக்கவசம் தள்ளிக் கிடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி ஓங்கிய மட்டையோடு உறைந்து நின்றாள். பந்துக்கு நேரே கோல்கீப்பரின் வெறுந்தலை.

கோல்கீப்பரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனபின் அவள் நெட்டையிடம், “நல்ல நேரத்துல ஊதினப்பா” என்றாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “நான் ஊதலக்கா. பனியில அவ விழுந்ததே எனக்குத் தெரியல. சத்தம் உங்க பக்கத்துல இருந்துதான் வந்துச்சு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மைதானத்தில் விசில் வைத்திருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனாள். கட்டுப்போட்ட தலையோடு கோல்கீப்பர் சிரித்தாள். “என் காதுகிட்டயே குனிஞ்சு ஊதினீங்கல்ல அக்கா? கழுத்துல ஜில்லுன்னு கைகூட வச்சீங்க. நீங்கதானே?”

பயந்துவிடப் போகிறாளே என்று, “நான்தாம்மா” என்றாள்.

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

“உங்க கை சூடா இருக்கேக்கா” என்றாள்.

கோல்கீப்பர் தேறி அணிக்குத் திரும்பிவிட்டாள். விசில் அக்காவும் நாடு நாடாகப் போய் ஊதிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த மைதானத்துக்குக் கூப்பிட்டால் மட்டும், கடையில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறாள்.