மூன்றாம் வரிசையில் நின்றவர்

வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். எங்கள் வெப்சைட்டில் கல்யாணப் படங்கள் திறக்க ரொம்ப நேரமாகும். ஒவ்வொரு படமும் அவ்வளவு கனம். "படம் வாரதுக்குள்ள ஆளு வேற கடைக்குப் போயிருதான்லே" என்று முதலாளி அண்ணாச்சி சலித்துக்கொள்வார். ஒவ்வொன்றாகச் சுருக்கினால் மாதக்கணக்காகும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டரைக் காட்டினால் போதும். உள்ளே இருக்கிற எல்லாப் படத்தையும் அதுவே சிறிதாக்கி, அதே பெயரில் சேமித்துவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. படங்கள் தொட்டதும் திறந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஃபோல்டரை நகல் என்று நினைத்திருந்தேன். நகலே எடுக்கவில்லை என்பது, மேலப்பாளையத்திலிருந்து ஒரு அக்கா வந்த அன்றுதான் தெரிந்தது.

அவர் கணவர் சவூதியில் இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார். நாங்கள் எடுத்த கல்யாணப் படம் ஒன்றில் மூன்றாம் வரிசையில் நிற்கிறார்.

"அவுகளுக்குப் படம் எடுக்கதே பிடிக்காது தம்பி. பாஸ்போர்ட் படத்துல முறைச்சாப்ல இருக்காக. இதுலதான் சிரிக்காக. முகத்தை மட்டும் பெருசாக்கித் தாங்க. மகளுக்கு வாப்பா முகம் ஞாபகமில்ல."

பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"ஒரிஜினலை எடுலே" என்றார் அண்ணாச்சி.

"இப்ப இதான் அண்ணாச்சி ஒரிஜினல்."

அவர் வெளியே போய் நின்றார். கேமரா கார்டை எப்போதோ அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நானே சொன்னேன்: "தப்பு என்னோடது அக்கா. சின்னதாக்கும்போது பெரிய படம் அழிஞ்சுபோச்சு."

"இங்கன தெரியுதே தம்பி?" என்று திரையில் விரல் வைத்தார்.

மறுநாள் பஸ் ஏறிக் கடையநல்லூரில் அந்தக் கல்யாணத்து மணப்பெண் வீட்டுக்குப் போய், ஆல்பத்தை இரவல் வாங்கிவந்து ஸ்கேன் செய்தேன். நகத்தளவு முகம்தான். முடிந்தவரை சரிசெய்து பிரிண்ட் போட்டேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு ஓரத்துல ஒரு மச்சம் உண்டு. இதுல காணோம்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். படத்தை உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் போனபிறகு ஸ்கிரிப்டைத் திறந்து, முதலில் நகல் எடுக்கும்படி மாற்றினேன். ஒரே ஒரு வரி. எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.