டீயில் கரையாத இரும்பு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், சூரத், விஜயவாடா என்று வேலை கிடைத்த ஊரிலெல்லாம் இருந்துவிட்டு ஹைதராபாத்துக்கு வந்தேன். காலில் சக்கரம் கட்டியவன் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கால்களுக்கு ஒரு வியாதி இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். லாரி ஷெட்டிலும் தொழிலாளர் கொட்டகையிலும் படுத்த காலத்தில் எழுந்து வெளியே நடந்துவிட்டு வருவேன். யாருக்கும் தொந்தரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, மல்லாபூரின் ஒற்றை அறை வீட்டில், ஒரே கட்டிலில், அது என் மனைவியின் வியாதியும் ஆகிவிட்டது.

அவள் இதே ஊரின் லாலாகுடாவில் பிறந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தவர். தமிழில் தொடங்கினால் பாதியில் உருது நுழைந்துவிடும். "ராத்திரி பூரா சைக்கிள் மிதிக்கிறீங்களே, எந்த ஊரு வந்திச்சு?" என்று காலையில் கேட்பாள். பழைய துப்பட்டாவைக் கிழித்து என் கால்களில் இறுக்கிக் கட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் கேட்கும்.

பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்தபடியே கண் சொருகி, ஊசி ஆட்காட்டி விரலின் நகத்துக்குள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு வந்தவள் அழவில்லை.

"அம்மா வீட்ல படுத்துக்கறேன். கோபம் நக்கோ, வேணாம். எனக்குப் பத்து விரலும் வேணும்."

அன்றிலிருந்து காலையில் வந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து லாலாகுடா. இதுவே பழகிவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். நான் ஒவ்வொரு ஊரையும் விட்டது அப்படித்தான். ஒருநாளும் முடிவு செய்து கிளம்பியதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் இரும்புச்சத்தின் சேமிப்பு காலியாக இருப்பதாகவும், அதற்கும் கால் ஊர்வதற்கும் தொடர்பு உண்டு என்றும் சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரைக்கு என் மனைவி பொறுப்பேற்றுக்கொண்டாள். தினமும் காலையில் சாசரில் மாத்திரை, பக்கத்தில் ஏலக்காய் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய டீ. விழுங்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பாள். இந்த ஊரில் விருந்தாளி வந்தாலும் டீ, துக்கம் விசாரித்தாலும் டீ. மாத்திரைக்கு மட்டும் வெறும் தண்ணீரா?

மூன்று மாதம் ஆயிற்று. கால் அப்படியே. ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவு.

"மாத்திரை சாப்பிடறாரா இல்லையா?" டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்.

"ஹவ் டாக்டர், ஆமா, நானே குடுக்கறேன். சுடச்சுட டீயோட."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று பொறுமையாக விளக்கினார். என் மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. பேச்சை மாற்ற, செல்போனில் பார்த்ததைக் கேட்டேன்: முழங்காலுக்குக் கீழே பட்டை மாதிரி கட்டி லேசாக மின்சாரம் விடுகிறார்களாமே?

அது புதிது, சிலருக்குப் பலன் இருக்கிறது, இங்கே கிடைப்பது கஷ்டம் என்றார். முன்பெல்லாம் முதலில் கொடுத்த வேறு சில மாத்திரைகள் ஆரம்பத்தில் நன்றாகக் கேட்டு, நாள்பட வியாதியையே கூட்டிவிடுவதால் இப்போது யோசித்துத்தான் கொடுக்கிறார்களாம். மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்பை நரம்பு வழியே டிரிப்பாக ஏற்றலாம். "அதுக்கு முன்னாடி டீயைத் தள்ளி வைங்க" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் ரிப்போர்ட் கவரைச் சுருட்டிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள்.

"இரும்பையே தோற்கடிச்சிருக்கு உன் டீ. சாதாரண கையா அது?" என்றேன்.

ரிப்போர்ட் கவரால் என் தோளில் ஒரு அடி விழுந்தது. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வெறும் வயிற்றில் மாத்திரை, எலுமிச்சைச் சாறு. டீ பத்து மணிக்கு மேல்தான், அதுவும் நான் வேலை பார்க்கும் ஃபாக்டரியில். இரவுகள் மெல்ல மெல்லத்தான் மாறின. சில நாள் எழுந்து நடந்தேன், சில நாள் விடியும்வரை தூங்கினேன். அதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், "பார்க்கலாம்" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து படுத்தாள். நான் பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி விறைத்துக் கிடந்தேன். வலது காலில் லேசாக ஊர ஆரம்பித்தது. விரல்களை மட்டும் மடக்கி நீட்டினேன். அடங்கிவிட்டது. அதற்குள் அவள் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பதறி எழுந்தாள். "எழுப்பக் கூடாதா? ஆட்டோவெல்லாம் நிரம்பிப் போயிருக்கும்."

"இன்னும் கிடைக்கும். கொண்டு வந்து விடட்டுமா?"

கொஞ்ச நேரம் தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நக்கோ," என்றாள். "காலையில போயி என் துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, எனக்கு வெக்கமா இருக்கு."