எதிர்வீட்டில் மோட்டார் ஓடியதா?

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு. சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் வயலெல்லாம் பிளாட்டாகிப்போன பக்கத்தில் எங்கள் வீடு. தெருவுக்குப் பொதுவான ஆழ்துளைக் கிணற்றைக் குடியிருப்புச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் திறப்பார்கள். புது வீடுகள் கூடக் கூட, கடைசி வீடான எங்களுக்கு வெறும் சொட்டுதான். யாராவது குழாயில் நேராக மோட்டாரை மாட்டி இழுத்தால் எங்கள் குழாய் காற்றை உள்ளே உறிஞ்சும். காலண்டர் தாளைக் கிழித்துக் குழாய் வாயில் வைத்துப் பார்ப்பேன். ஒட்டிக்கொண்டால் எங்கேயோ திருட்டு நடக்கிறது என்று அர்த்தம்.

அன்று தாள் ஒட்டியது. எதிர்வீட்டில் உர்ரென்று சத்தம். அந்த வீட்டுக்காரி தெலுங்கு பேசுகிறவள். நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பாள். ஆனாலும் அவள் வீட்டு மாடித்தொட்டி மட்டும் வழிகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரம், செல்போனில் ஊர்ச் செய்தி போடுகிறவர் தெருவுக்கு வந்தார். எனக்கு ஆள் முன்னால் பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்.

"என் மூஞ்சியப் போட்டுராதிய. எதிர்வீட்ல மோட்டார் ஓடுது. தொட்டி எம்புட்டு வழியுதுன்னு நீங்களே பாருங்க."

முகத்தைப் போடவில்லை. குரலைப் போட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் மகள் அதைக் கேட்டுவிட்டு போன் செய்தாள்.

"ஏம்மா, விருந்தாள் வந்தா அடுக்களைய விட்டு வெளிய வரமாட்ட. இப்ப ஊருக்கே கேக்குற மாதிரி பேசிருக்க! மோட்டாரக் கண்ணால பாத்தியா?"

"சத்தம் கேட்டுச்சுல்ல."

"கிரைண்டருந்தாம்மா சத்தம் போடும்."

மறுநாளே சங்கத்து ஆட்கள் வந்தார்கள். எதிர்வீடு பூட்டியிருந்தது. உள்ளே பார்க்காமலே அந்த வீட்டுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏமக்கா, உங்க குரலு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதவத் தொறந்து காமிச்சிருப்பேன்ல?"

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அடுத்த தண்ணீர் நாளில் தாளை வைத்துப் பார்த்தேன். அப்போதும் ஒட்டியது.

எதிர்வீட்டுக் குழாய் அடைத்தது அடைத்தபடிதான் இருக்கிறது. அப்படியானால் இழுப்பது யார்? பக்கத்து வீடா, முக்கு வீடா? எந்த வீட்டில் மிக்சி ஓடினாலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவளும் இழுத்திருக்கலாம், இன்னொருவரும் இழுக்கலாம் என்று ஒரு மனசு சாக்குச் சொல்கிறது. அவளோ அடுத்த தெரு அடிகுழாய்க்குக் குடத்தோடு போகிறாள். என்னைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சங்கத்தில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தண்ணீர் நாளில் வந்து, எங்கள் வீட்டையும் சேர்த்து எல்லா வீட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். நான் கேட்ட சத்தம் எதுவென்று அவளிடமே கேளுங்கள். நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள். அதுவரை அவள் குழாயைத் திறந்துவிடச் சங்கத்தில் சொல்லுங்கள்.